முதுமையின் வணக்கமும் சகோதரியின் பங்கும்

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

முதலில் எனக்கும் பிறகு உங்களுக்கும் தக்வாவைக் கொண்டு உபதேசம் செய்துகொள்கிறேன்.

இன்று எடுத்துக்கொண்ட விஷயம் வயதானவர்களுக்கானது. இளைஞர்கள் இது நமக்கில்லை என்று இருந்துவிட வேண்டாம். இன்று இது உங்கள் வாப்பாவின் காரியம். நாளை உங்கள் காரியம். சொல்கிற நானும் அறுபதைத் தாண்டியவன்தான். இமாமத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, முழங்கால் மடங்காமல், ஸஃப்பின் ஓரத்தில் நாற்காலி போட்டுத் தொழுகிறவர்களில் நானும் ஒருவன்.

அறுபது வயதுவரை ஒருவருக்கு ஆயுள் கொடுத்துவிட்டால், அதற்குப் பிறகு அவர் சாக்குச் சொல்ல அல்லாஹ் இடம் வைக்கவில்லை என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னது புகாரியில் பதிவாகியிருக்கிறது. இதைக் கேட்டவுடன் நம்மில் பலர் வணக்கத்தைக் கூட்டுகிறோம். ஐந்து வேளையும் ஜமாஅத், தஹஜ்ஜுத், ளுஹா, காலையில் குர்ஆன், கையில் தஸ்பீஹ். வசதி இருந்தால் ஒரு உம்ரா. எல்லாம் நல்லவை. அல்லாஹ் கபூல் செய்வானாக!

ஆனால் ஒரு கேள்வியை நம்மிடம் நாமே கேட்டுப் பார்க்க வேண்டும். முதல் ஸஃப்பை விடாத ஒரு பெரியவர் இருக்கிறார். அவருடைய வாப்பா மவ்த்தாகி முப்பது வருடம் ஆகிறது. வாப்பாவின் வீடும் நிலமும் அவர் பெயரில் பட்டாவாகிவிட்டன. தங்கைக்கு எதுவும் போகவில்லை. இவருடைய தஹஜ்ஜுதுக்கும் அந்தப் பட்டாவுக்கும் சம்பந்தம் உண்டா, இல்லையா?

இல்லை என்றுதான் பலரும் நடந்துகொள்கிறோம். தொழுகை ஒரு கணக்கு, சொத்து வேறு கணக்கு என்று வைத்துக்கொள்கிறோம். மார்க்கம் இரண்டையும் ஒரே தராசில்தான் வைக்கிறது.

அல்லாஹ் மன்னிக்க மாட்டானா?

"அல்லாஹ் அர்ரஹ்மான் அல்லவா? கடலளவு பாவத்தையும் மன்னிப்பவன் இதை மன்னிக்க மாட்டானா?" என்று கேட்பவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். சற்று யோசித்துப் பாருங்கள்.

நீங்கள் தொழுகையில் செய்த குறை அவனுக்கும் உங்களுக்கும் இடையில் உள்ளது. அவன் மன்னித்தால் இன்னொருவருக்கு நஷ்டமில்லை. தங்கையின் பங்கு அப்படியல்ல. அவள் சொத்தை நீங்கள் வைத்திருக்க, உங்களை மட்டும் விட்டுவிட்டால் அவளுக்கு என்ன நியாயம்? உங்கள் மீது அவன் ரஹ்மானாக இருப்பதைப் போலவே அவள் மீதும் அவன் ரஹ்மான். அவளுடைய உரிமையை அவளைக் கேட்காமல் தள்ளுபடி செய்யாமல் இருப்பதும் அவனுடைய ரஹ்மத்துதான். நாம் அந்த ரஹ்மத்தை எப்போதும் நம் பக்கத்திலிருந்தே பார்க்கிறோம்.

அவன் நாடினால் தன் பொக்கிஷத்திலிருந்து அவளுக்குக் கொடுத்து, அவளைத் திருப்திப்படுத்தி, உங்களை விடுவிக்கலாம். அவன் நாட்டத்துக்கு யாரும் எல்லை கட்ட முடியாது. ஆனால் கொடுக்க வசதி இருந்தும் கொடுக்காதவர் அதை நம்பிக்கொண்டு உட்காரலாமா?

திவாலானவர் யார் என்று நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம் கேட்ட சம்பவத்தை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். காசு பணம் இல்லாதவர் என்று தோழர்கள் சொன்னார்கள். நபியவர்கள் காட்டிய திவாலானவர் தொழுகை, நோன்பு, ஜகாத் எல்லாவற்றோடும் மறுமைக்கு வருகிறார். கூடவே ஒருவரை ஏசியிருக்கிறார், ஒருவரை அடித்திருக்கிறார், ஒருவரின் பொருளைத் தின்றிருக்கிறார். அவருடைய நன்மைகள் அவர்களுக்குப் பங்கு போகின்றன. நன்மைகள் தீர்ந்த பிறகு அவர்களின் பாவங்கள் இவர் தலையில் ஏறுகின்றன. முஸ்லிமில் உள்ள ஹதீஸ் இது. இங்கே கவனிக்க வேண்டியது, அந்த மனிதருடைய தொழுகை ஏற்கப்படவில்லை என்று அதில் சொல்லப்படவில்லை. தொழுகை நன்மையாகத்தான் எழுதப்பட்டது. கடைசியில் அந்த நன்மை போய்ச் சேர்ந்த இடம்தான் வேறு.

அப்படியானால் முப்பது வருடமாகப் பங்கு கொடுக்காதவர் எழுந்து தொழும் தஹஜ்ஜுத் யாருக்காக? ஒரு வகையில் தங்கைக்காகத்தான் தொழுதுகொண்டிருக்கிறார். அவருக்கே தெரியாமல்.

ஷஹீதுக்கு எல்லாம் மன்னிக்கப்படும், கடனைத் தவிர என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதும் முஸ்லிமில் இருக்கிறது. உயிரையே கொடுத்தவருக்கு இந்த நிலை என்றால், நாற்காலியில் உட்கார்ந்து தொழுகிற நமக்கு எப்படி?

ஸஅத் (ரலி) அவர்களின் மனைவி கேட்டது

மதீனாவாசிகளான அன்ஸாரிகளில் ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) என்று ஒரு தோழர். மக்காவிலிருந்து வெறுங்கையோடு வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களை நபியவர்கள் இவருக்குச் சகோதரராக ஆக்கினார்கள். தன் செல்வத்தில் சரிபாதியை எடுத்துக்கொள்ளுங்கள் என்று முன்வந்தவர் இந்த ஸஅத். முன்பின் தெரியாத மனிதருக்குப் பாதிச் சொத்தைக் கொடுக்கத் துணிந்த மனசு அது.

அவர் உஹதுப் போரில் ஷஹீதானார். அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள். அவருடைய சகோதரர் வந்து சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார். அன்றைய அரபு வழக்கம் அதுதான். வாள் பிடிக்கிற ஆணுக்குத்தான் சொத்து.

ஸஅதின் மனைவி இரண்டு மகள்களையும் அழைத்துக்கொண்டு நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். இவர்களின் சிறிய தகப்பனார் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார், எதையும் விட்டுவைக்கவில்லை, பொருள் இல்லாமல் இவர்களுக்குத் திருமணமும் நடக்காது என்று முறையிட்டார். அல்லாஹ் இதில் தீர்ப்பளிப்பான் என்று நபியவர்கள் பதில் சொன்னார்கள். அதன் பிறகு வாரிசுரிமை வசனங்கள் இறங்கின. நபியவர்கள் அந்தச் சகோதரரை அழைத்து, மகள்களுக்கு மூன்றில் இரண்டு பங்கையும், அவர்களின் தாய்க்கு எட்டில் ஒரு பங்கையும் கொடுத்துவிட்டு மீதியை எடுத்துக்கொள்ளும்படி உத்தரவிட்டார்கள். ஜாபிர் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி திர்மிதி, அபூதாவூத் ஆகிய நூல்களில் உள்ளது.

24 பங்காக வைத்தால் மகள்களுக்கு 16, தாய்க்கு 3, சகோதரருக்கு 5. முழுவதையும் எடுத்தவர் 19 பங்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது.

இதில் பெண்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது. அந்தத் தாய் கேட்டார். "குடும்பத்தில் சண்டை வரும், ஊர் சிரிக்கும்" என்று வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. நபியவர்களும், கேட்டது தவறு, பொறுத்துப் போயிருக்க வேண்டும் என்று அவரைத் திருப்பி அனுப்பவில்லை. ஆகவே சகோதரிகளே, உங்கள் பங்கைக் கேட்பது பேராசையல்ல. உறவை முறிப்பதும் அல்ல. அல்லாஹ் எழுதி வைத்ததைத்தான் கேட்கிறீர்கள்.

"கல்யாணத்துக்கு நகை போட்டாச்சே"

இதுதான் நம் ஊர்களில் முதலில் வருகிற பதில். "வாப்பா இருக்கும்போதே 50 பவுன் போட்டு, சீர் செய்து, கல்யாணம் முடித்துக் கொடுத்தாச்சு. இன்னும் என்ன பங்கு?"

வாப்பா உயிரோடு இருக்கும்போது கொடுத்தது ஹிபா, அன்பளிப்பு. மீராஸ் என்பது அவர் மவ்த்தான பிறகுதான் உண்டாகிறது. முன்னால் கொடுத்த அன்பளிப்பைப் பின்னால் உண்டான பங்கில் கழிக்க முடியாது. அப்படிக் கழிப்பதாக இருந்தால் எல்லோருக்கும் கழிக்க வேண்டும். மகனைச் சவூதிக்கு அனுப்ப ஏஜெண்டிடம் கட்டிய பணம், காலேஜில் சேர்க்கக் கொடுத்த பணம், கடை வைக்கக் கொடுத்த முதல் எல்லாவற்றையும் மகன் பங்கில் யாராவது கழித்திருக்கிறோமா? நகைக்கு மட்டும் கணக்கு நோட்டு வைத்திருக்கிறோம்.

ஒரு கணக்கு பார்ப்போம். ஒருவர் மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகளை விட்டுவிட்டு மவ்த்தாகிறார். அவருடைய பெற்றோர் உயிரோடு இல்லை. கடன் போக 40 சென்ட் நிலம் மிஞ்சுகிறது. மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 5 சென்ட். மீதி 35 சென்டில் மகன்களுக்கு 14, 14. மகளுக்கு 7. அந்த 7 சென்ட் அவள் அண்ணன் தம்பியின் தயவால் கிடைப்பதல்ல. வாப்பாவின் மூச்சு நின்ற நொடியிலேயே அது அவளுடையது. அதைத் தன் பெயரில் வைத்திருப்பவர் தன் நிலத்தைக் காப்பாற்றவில்லை. அடுத்தவர் நிலத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு ஜாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவருக்கு ஏழு பூமியளவு கழுத்தில் மாட்டப்படும் என்ற எச்சரிக்கை புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அது வரப்பைத் தள்ளிப் போடுகிற பக்கத்து நிலத்துக்காரருக்கு மட்டும் சொன்னது என்று யார் சொன்னது?

சட்டத்தைக் காட்டியும் தப்பிக்க முடியாது. 1937ல் ஷரீஅத் சட்டம் வந்தபோது விவசாய நிலம் அதில் சேராமல் இருந்தது. 1949ல் அன்றைய மதராஸ் மாகாணத்தில் திருத்தம் வந்து, விவசாய நிலத்தையும் அதற்குள் கொண்டுவந்துவிட்டது. நம் பகுதியில் வயலுக்கு ஒரு நியாயம், வீட்டுக்கு ஒரு நியாயம் இல்லை.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களில் வீட்டைப் பெண்ணுக்குக் கொடுக்கிற வழக்கம் இருக்கிறது. அங்கேயும் எது ஹிபாவாக முறையாக முடிந்தது, எது மீராஸாக நிற்கிறது என்று ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். வழக்கம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கணக்கு கணக்குதான்.

கையெழுத்தும் மனசும்

"அவளே விட்டுக் கொடுத்துவிட்டாள். சார் பதிவாளர் ஆபீஸில் வந்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாளே!" என்று அடுத்து சொல்வார்கள்.

நான் இமாமாக இருந்த ஊர்களில் பாகப்பிரிவினைக்குக் கூப்பிடுவார்கள். முன் அறையில் பாய் விரித்து ஆண்கள் உட்கார்ந்திருப்போம். பெண்கள் அடுப்படிப் பக்கம், கதவுக்குப் பின்னால். "ராத்தாவுக்குச் சம்மதமா?" என்று ஒருவர் குரல் கொடுப்பார். உள்ளேயிருந்து "ம்" என்று ஒரு சத்தம் வரும். யாருடைய சத்தம் என்றுகூட சில வீடுகளில் தெரியாது. "அவங்களுக்கு வர வேண்டியது எவ்வளவு என்று அவங்ககிட்ட சொன்னீங்களா?" என்று நான் கேட்பதுண்டு. பெரும்பாலான வீடுகளில் சொல்லியிருக்க மாட்டார்கள். எவ்வளவு என்றே தெரியாத ஒன்றை ஒருவர் எப்படி விட்டுக் கொடுக்க முடியும்?

அவள் ஏன் "ம்" என்று சொல்கிறாள் என்பதையும் யோசிக்க வேண்டும். பெற்றோர் இல்லாத பெண்ணுக்குக் காக்காவின் வாசல்தான் தாய்வீடு. நாளை புகுந்த வீட்டில் ஏதாவது ஆனால் வந்து நிற்க வேறு இடமில்லை. பிள்ளைகளின் கல்யாணத்துக்குத் தாய்மாமன் வந்து முன்னால் நிற்க வேண்டும். ஏழு சென்டைக் கேட்டால் அந்த வாசல் அடைபடும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் வேண்டாம் என்கிறாள். இது விட்டுக் கொடுத்ததா? பயந்து கொடுத்ததா?

இந்த இடத்தில் குர்ஆன் நமக்கு ஒரு வழியைக் கற்றுத் தருகிறது. அன்னிஸா அத்தியாயத்தின் 4வது வசனம் மஹரைப் பற்றியது. பெண்களுக்கு அவர்களின் மஹரைக் கொடுத்துவிடும்படி முதலில் கட்டளை வருகிறது. அதற்குப் பிறகுதான், அவர்களாக மனம் ஒப்பி அதிலிருந்து எதையாவது தந்தால் அதை நீங்கள் அனுபவிக்கலாம் என்று அனுமதி வருகிறது. வரிசையைக் கவனியுங்கள். முதலில் கொடு; பிறகு அவள் தந்தால் வாங்கு. நாம் செய்வது தலைகீழ். கொடுப்பதற்கு முன்பே விட்டுக் கொடுத்தாயா என்று கேட்கிறோம். வசனம் மஹரைப் பற்றியதுதான் என்றாலும், மனம் ஒப்புவது என்றால் என்ன என்பதை அது சொல்லிவிடுகிறது. கையில் வந்த பிறகு கொடுப்பதுதான் கொடுப்பது.

எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் இதைச் செய்தார். தங்கையின் பங்கை இன்றைய விலைக்குக் கணக்குப் போட்டு, பணத்தை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார். "வேண்டாம் காக்கா" என்பாள், துஆ வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிடலாம் என்று மனசின் ஓரத்தில் ஒரு எண்ணம் இருந்ததாக அவரே சொன்னார். தங்கை ஒன்றும் பேசாமல் பணத்தை வாங்கி, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு வந்து, "டீ போடட்டுமா காக்கா?" என்று கேட்டாளாம். இருபது வருடமாக வேண்டாம், வேண்டாம் என்று சொன்னவள் அவள்தான். அந்த வேண்டாமுக்கு எவ்வளவு பெறுமதி என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

பத்திரம் ஹராமை ஹலாலாக்காது. பழைய வாரிசுச் சொத்து விஷயமாக இரண்டு பேர் நபி (ஸல்) அவர்களிடம் வழக்கோடு வந்தார்கள். இருவரிடமும் சாட்சி இல்லை, வாய்ப்பேச்சு மட்டும்தான். நபியவர்கள் அவர்களிடம், நானும் மனிதன்தான், உங்களில் ஒருவர் வாதத் திறமையால் மற்றவரை மிஞ்சக்கூடும், கேட்டதை வைத்துத்தான் தீர்ப்பளிப்பேன், அப்படி ஒருவருக்கு அவருடைய சகோதரரின் உரிமையை நான் கொடுத்துவிட்டால் அதை எடுக்க வேண்டாம், அது நெருப்புத் துண்டு என்ற கருத்தில் எச்சரித்தார்கள். அதைக் கேட்டதும் இருவரும் அழுதுவிட்டார்கள். என் உரிமை உனக்கே என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

அதோடு நபியவர்கள் அவர்களை அனுப்பிவிடவில்லை. நியாயத்தைத் தேடிப் பங்கு பிரியுங்கள், சீட்டுக் குலுக்கி எடுங்கள், பிறகு ஒருவரை ஒருவர் ஹலாலாக்கிக்கொள்ளுங்கள் என்று வழிகாட்டினார்கள். உம்மு ஸலமா (ரலி) அறிவிக்கும் இச்செய்தி அபூதாவூதில் உள்ளது. கண்ணீர் வந்துவிட்டது, மனசு சேர்ந்துவிட்டது, இனி கணக்கு எதற்கு என்று விடவில்லை பாருங்கள். அழுத பிறகும் பங்கு பிரிக்கச் சொன்னார்கள். நபியவர்களின் தீர்ப்பே அடுத்தவர் உரிமையை ஒருவருக்கு ஹலாலாக்காது என்றால், சார் பதிவாளரின் முத்திரை எம்மாத்திரம்?

உறவு எதனால் முறிகிறது?

"பங்கு கேட்டாள், அன்றோடு உறவு முறிந்தது" என்று சொல்லிக் கேட்கிறோம். அது உண்மையல்ல. கொடுக்காமல் வைத்திருந்த நாளிலேயே உறவில் விரிசல் விழுந்துவிட்டது. அவள் வாய் திறக்காததால் வெளியே தெரியவில்லை. அவள் கேட்டதும் எல்லோரும் பார்த்தார்கள்.

வயதாக ஆக நம்மைப் போன்றவர்களுக்கு மனிதர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். கூடப் படித்தவர்கள் போய்விட்டார்கள். பிள்ளைகள் துபாயிலும் சென்னையிலும். சிறு வயதில் வீட்டுக் கிணற்றடியில் விளையாடியது, உம்மா போட்ட சோறு, வாப்பாவின் கோபம் இவற்றையெல்லாம் நினைவு வைத்திருக்கிற ஆள் உலகத்தில் இன்னும் ஒருவரோ இருவரோதான். கூடப் பிறந்தவர்கள். அவர்களோடு மனசுவிட்டுப் பேச முடியாமல் இடையில் ஒரு பத்திரம் கிடக்கிறது. போனில் "நல்லா இருக்கியா?" என்று கேட்கிறோம். அதற்கு மேல் பேச்சு ஓடவில்லை. முதுமையின் தனிமைக்கு எத்தனையோ காரணம் சொல்கிறோம். இதையும் ஒரு காரணமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெரியவரின் தங்கை அதற்குப் பிறகு காக்கா வீட்டுக்கு வந்து பத்து நாள் தங்கிப் போனாளாம். முன்பெல்லாம் காலையில் வந்தால் அஸருக்குள் கிளம்பிவிடுவாளாம்.

முறிந்தாலும் சேர்த்துக்கொள்பவரே உண்மையில் உறவைப் பேணுபவர் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதை நாம் பெரும்பாலும் பங்கு கிடைக்காதவளுக்குத்தான் ஓதிக் காட்டுகிறோம், "நீ பொறுத்துப் போ" என்று. பங்கை வைத்திருப்பவருக்கு முதலில் ஓதிக் காட்ட வேண்டும்.

பெற்ற பிள்ளைகளுக்கு இடையில்

நமக்கு வர வேண்டியதையும் நாம் கொடுக்க வேண்டியதையும் பேசினோம். இனி நாம் விட்டுப் போகப் போவது.

நுஃமான் இப்னு பஷீர் (ரலி) சிறுவராக இருந்தபோது அவருடைய தந்தை அவருக்கு ஒரு அன்பளிப்பு கொடுத்தார். நுஃமானின் தாய், நபியவர்களைச் சாட்சியாக்கினால்தான் ஒப்புக்கொள்வேன் என்றார். தந்தை நபியவர்களிடம் போனார். எல்லாப் பிள்ளைகளுக்கும் இதுபோல் கொடுத்தீரா என்று நபியவர்கள் கேட்டார்கள். இல்லை என்றார். அல்லாஹ்வைப் பயந்து பிள்ளைகளிடம் நீதமாக நடக்கும்படி நபியவர்கள் சொன்னார்கள். சாட்சியாக இருக்க மறுத்துவிட்டார்கள். தந்தை அந்த அன்பளிப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

வயதான காலத்தில் நாம் ஒரு பிள்ளையோடு இருப்போம். அந்த மருமகள் சோறு போடுவாள், மாத்திரை எடுத்துத் தருவாள், இரவில் எழுந்து பார்ப்பாள். தூரத்தில் இருக்கிற பிள்ளைகள் மீது மனத்தாங்கல் வரும். "இவனுக்கே வீட்டை எழுதிவிடலாம்" என்று தோன்றும். இது எளிதான விஷயமல்ல என்று எனக்குத் தெரியும். பார்த்துக்கொள்கிற பிள்ளையும் உடன் இல்லாத பிள்ளையும் ஒன்றா என்று மனசு கேட்கும். தகுந்த காரணம் இருந்தால் ஒரு பிள்ளைக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம் என்று சொன்ன அறிஞர்களும் உண்டு. அப்படி ஏதாவது செய்வதாக இருந்தால் ஒளித்துச் செய்ய வேண்டாம். எல்லாப் பிள்ளைகளையும் கூப்பிட்டு, போனிலாவது சேர்த்து வைத்து, காரணத்தைச் சொல்லிச் செய்யுங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால் அந்தக் காரணத்தில் ஏதோ குறை இருக்கிறது என்று பொருள்.

வாரிசுக்கு வஸிய்யத் இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். மற்றவர்களுக்கு வஸிய்யத் செய்வதும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. நோயுற்றிருந்த ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்களுக்கு, மூன்றில் ஒன்றே அதிகம் என்று நபியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். பள்ளிவாசலுக்கும் மதரஸாவுக்கும் கொடுக்கும்போதுகூட பிள்ளைகளை வெறுங்கையோடு விடக் கூடாது.

இப்போது என்ன செய்வது?

அன்னிஸா அத்தியாயத்தின் 11, 12 வசனங்களில் பங்குகளைச் சொல்லும்போது, வஸிய்யத்தும் கடனும் போக என்ற நிபந்தனை நான்கு முறை வருகிறது. கடன் தீராமல் வாரிசுகளுக்குப் பங்கே இல்லை. தங்கைக்குக் கொடுக்காததும் ஒருவகைக் கடன்தான். நாம் தீர்க்காமல் போனால், நம் பிள்ளைகள் தெரியாமல் அடுத்தவர் சொத்தைத் தங்களுக்குள் பிரித்துக்கொள்வார்கள். நம் தவறை அவர்களுக்கும் சேர்த்து விட்டுப் போவோம்.

ஆகவே ஒரு நோட்டை எடுங்கள். வஸிய்யத் செய்ய வேண்டியது உள்ளவர் அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிக்கக் கூடாது என்ற ஹதீஸைக் கேட்டதிலிருந்து ஒரு இரவுகூட அப்படிக் கழித்ததில்லை என்று இப்னு உமர் (ரலி) சொன்னார்கள். நாம் இருபது வருடத்தைக் கழித்துவிட்டோம்.

முதலில் வாப்பாவின் சொத்து, உம்மாவின் சொத்து, உம்மாவின் நகை. யார் யாருக்கு எவ்வளவு என்று ஒரு ஆலிமிடம் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். வாடகையோ குத்தகையோ வாங்கியிருந்தால் அதையும் சொல்லிக் கேளுங்கள். பிறகு மனைவியின் மஹர் நிலுவை. "அவள் கேட்கவே இல்லையே" என்பது பதிலல்ல. பிறகு வேலை செய்தவர்களின் கூலி பாக்கி, கைமாற்றாக வாங்கியது, சீட்டுப் பணம், பக்கத்து வீட்டுச் சுவர்.

உரியவர் மவ்த்தாகியிருந்தால் அவருடைய வாரிசுகளிடம் கொடுங்கள். தேடியும் கிடைக்காவிட்டால் அவர் பெயரில் ஸதகா செய்யுங்கள். மொத்தமாகக் கொடுக்க வசதியில்லை என்றால், எவ்வளவு என்பதை அவரிடம் மறைக்காமல் சொல்லி, தவணையாகக் கொடுங்கள். கொடுக்க எதுவுமே இல்லை என்றால் அவர் வாசலுக்குப் போய் ஹலாலாக்கிக் கேளுங்கள். தீனாரும் திர்ஹமும் செல்லாத நாள் வருமுன் இன்றே கேட்டுக்கொள்ளச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள்.

கொடுத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. கொடுத்ததை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிய வேண்டாம். அது நம் தர்மமல்ல. அவர்களின் பொருளை அவர்களிடம் சேர்த்தோம், அவ்வளவுதான்.

பெரியவர்களே! வாழ்நாளில் பெரிய பெரிய அமல்கள் செய்ய உடம்பில் தெம்பு இல்லை என்று நாம் வருந்துகிறோம். நின்று தொழ முடியவில்லை. நோன்புக்கு ஃபித்யா கொடுக்கிறோம். ஆனால் இந்த அமலுக்கு முழங்கால் தேவையில்லை. கையெழுத்துப் போடக் கை இருந்தால் போதும். "இது உன்னுடையதும்மா" என்று சொல்ல நாக்கு இருந்தால் போதும். அந்தக் கை நடுங்கி நின்றுவிடுவதற்கு முன்னால், அந்த நாக்கு குழறுவதற்கு முன்னால் செய்துவிடுவோம். உயிர் தொண்டைக்குழிக்கு வந்த பிறகு இவருக்கு இவ்வளவு, அவருக்கு இவ்வளவு என்று சொல்வதில் பயனில்லை. அப்போது அது ஏற்கனவே அடுத்தவர் கைக்குப் போய்விட்டிருக்கும்.

யா அல்லாஹ்! எங்கள் முதுமையை எங்களுக்குச் சாட்சியாக ஆக்குவாயாக, எங்களுக்கு எதிரான சாட்சியாக ஆக்கிவிடாதே. எங்கள் கையில் தங்கியிருக்கிற அடுத்தவர் உரிமைகளை மவ்த்துக்கு முன் உரியவர்களிடம் ஒப்படைக்கிற மனசையும் வசதியையும் தருவாயாக. உரிமை மறுக்கப்பட்டு வாய் திறக்காமல் இருக்கிற எங்கள் சகோதரிகளுக்கு நியாயத்தையும் நிம்மதியையும் தருவாயாக. எங்கள் உறவுகளை நீதத்தைக் கொண்டு சேர்த்து வைப்பாயாக. எங்கள் பெற்றோரின் கப்ருகளை வெளிச்சமாக்குவாயாக.

ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.